புரிகிறது, ஆனால் பேச மறுக்கிறார்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பழங்குடி மொழியை என் அப்பா, அம்மா நன்றாகப் பேசுவார்கள். பிள்ளைகளுக்குக் கேட்டால் புரிகிறது. பதில் மட்டும் பள்ளிக்கூட மொழியில்தான் வருகிறது. சொற்பட்டியல் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். இருநூறு பெயர்கள் தெரிந்த பிள்ளைக்கும் 'அதை இப்படித் திருப்பிப் பிடி' என்று சொல்ல வராது. கேட்டால் புரிகிறது என்றாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கலிஃபோர்னியாவின் பூர்வகுடி மொழிகள் பலவற்றைப் பேசுவோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தபோது, 1990களில் அங்கே குரு-சீடர் முறை தொடங்கியது. ஒரு பெரியவர், ஒரு இளையவர். வாரம் 10 முதல் 20 மணி நேரம் ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்வார்கள். அந்த நேரம் முழுக்க அந்த மொழி மட்டும்தான். புரியாவிட்டால் சைகை, அல்லது பொருளையே எடுத்துக் காட்டுவது.

வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. கூடை முடைவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'நாரை நனை', 'இந்தப் பக்கம் பிடி', 'இறுக்காதே, உடையும்' என்று தாத்தா கை வேலையோடு சேர்த்தே முழு வாக்கியமாகச் சொல்லட்டும். ஒரே வாக்கியம் ஒரு மணி நேரத்தில் பத்து முறை தானாக வரும், மனப்பாடமே வேண்டாம். முதல் நாளே பிள்ளைக்கு மூன்று வாக்கியங்கள் கொடுத்துவிடுங்கள்: 'இது என்ன?', 'இப்ப என்ன செய்றீங்க?', 'இன்னொரு தடவை சொல்லுங்க'. இவை இருந்தால் மொழி மாறாமலே பேச்சைத் தொடரலாம்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். பெரியவர் இரக்கப்பட்டு மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவார். அடுத்த முறை பிள்ளை அதற்காகவே காத்திருக்கும். இன்னொன்று, உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பது. ஒருமுறை சிரித்தால் போதும், வாய் மூடிக்கொள்ளும். வேறு மொழியில் 'தண்ணீர் வேண்டும்' என்றால் அதட்டாதீர்கள். 'தண்ணி வேணுமா? இந்தா' என்று உங்கள் மொழியில் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

பெற்றோரான நீங்களும் உங்களுக்குள் அந்த மொழியில் பேச வேண்டும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய 'கோஹங்கா ரேயோ' மழலையர் கூடங்கள் முதியவர்களைக் குழந்தைகளோடு உட்கார வைத்ததோடு நிற்கவில்லை. குடும்பம் முழுவதையும் உள்ளே இழுத்தன.

கேள்வி: பாட்டிக்கு மூலிகைகள் அத்துப்படி. கைபேசியில் பதிவு செய்தால் போதுமா?

பதில்: வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் பெயர்தான் கிடைக்கும். செடி நிற்கும் இடத்துக்கே கூட்டிப்போங்கள். எந்தப் பருவம், எந்தப் பாகம், எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும், இதேபோல் தெரியும் நச்சுச் செடி எது என்பதெல்லாம் அங்கேதான் அவர் வாயில் வரும். இலையின் முன்புறம், பின்புறம், தண்டு, பூ, காய் எல்லாவற்றையும் தனித்தனியே படமெடுங்கள். பூ இல்லாத படத்தை வைத்துச் செடியை உறுதிசெய்வது கடினம்.

ஒலியை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள்; பதிவுச் செயலியின் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். இரு தடப் பதிவு (ஸ்டீரியோ) என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காற்று மறைப்போடு இருக்கட்டும். மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில்.

சில மருந்து முறைகள் குடும்பத்துக்கு மட்டுமானவை. எதை வீட்டோடு வைப்பது, எதைச் சமூகத்துக்குத் தருவது, எதை வெளியே விடுவது என்று பாட்டியே சொல்லட்டும். அந்தச் சம்மதத்தை அவர் மொழியிலேயே பேச வைத்து, தேதியோடு பதிவின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.