பாட்டை மட்டும் கேட்காதீர்கள், அவர் பிழைத்த விதத்தையும் பாருங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "வேலைக்குப் போய்க்கொண்டே நான்கு வருடமாகச் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, பதிவு செய்து வெளியிடுகிறேன். 14 பாட்டு ஆகிவிட்டது. கேட்பவர்களில் பாதிப்பேர் என் ஆதர்ச இசைக்கலைஞரின் பெயரைச் சொல்லி 'அப்படியே அவர் மாதிரியே இருக்கு' என்கிறார்கள். அவரைக் கேட்பதையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் வரும் பணம் கைச்செலவுக்குக்கூடக் காணவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால் தேறுமா?"

நிறுத்தாதீர்கள். வேலையையும் இப்போதே விடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். இருபது வருடம் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது தனிக்கலைஞர்களுக்கு உரிமைக் கணக்கு பார்த்துத் தருபவன் என்ற முறையில் எனக்கு இந்த இரண்டு கேள்வியும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. நமக்குப் பிடித்த கலைஞரின் பாட்டை ஆயிரம் முறை கேட்கிறோம், ஆனால் அந்தப் பாட்டைப் போட்ட காலத்தில் அவர் வாடகையை எப்படிக் கட்டினார், பாட்டு யார் பெயரில் இருந்தது, அவரோடு வாசித்தவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று ஒரு முறைகூடக் கேட்டுப்பார்ப்பதில்லை.

சரி, முதலில் அந்த 'மாதிரியே' விஷயம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பாப் டிலன் 1962-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 13 பாட்டு, அதில் அவர் எழுதியவை இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் ஒன்று தன் ஆதர்சமான நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியைப் பார்த்துப் பாடியது. யோஹான் செபாஸ்டியன் பாக் இருபது வயதில், 1705-இல், ஆர்ன்ஸ்டாட்டில் தேவாலய ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர், நான்கு வாரம் லீவு வாங்கிக்கொண்டு சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்த லூபெக்குக்கு நடந்தே போனார் என்று சொல்வார்கள், பக்ஸ்டஹூட என்ற மூத்த ஆர்கன் கலைஞரைக் கேட்பதற்காக. நான்கு வாரம் கிட்டத்தட்ட நான்கு மாதமானது. திரும்பி வந்ததும் மேலிடத்தில் திட்டு, லீவு தாண்டியதற்கு மட்டும் இல்லை, வழக்கமான பாட்டுகளுக்குள் விநோதமான சுரங்களை எல்லாம் கலந்து வாசித்துக் கூட்டத்தைக் குழப்புகிறார் என்றும் சேர்த்து. அப்புறம் விவால்டியின் கச்சேரி இசையை எடுத்து ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் தன் கையாலேயே மாற்றி எழுதினார். ஒருவரைப் பிடித்துப்போனால் அவர் பண்ணியதை நம் கையால் ஒரு முறை பண்ணிப்பார்ப்பது, அதற்குமேல் ஒரு மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், நாம் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது மேல்தோலை மட்டும்தான். குரலில் அவர் போடும் குழைவு, அவர் பயன்படுத்தும் கிட்டார் சத்தம், எதிரொலியின் அளவு. கேட்பவர் காதில் முதலில் படுவதும் அதுதான், அதனால்தான் 'அவர் மாதிரி' என்கிறார்கள். உள்ளே அவர் என்ன செய்கிறார் என்பதை எடுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது உங்கள் குரலில், உங்கள் வார்த்தையில் வேறு உருவம் எடுத்துவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு பாட்டு. குறைந்தது இருநூறு தடவை கேட்டிருப்பேன், சரணத்தின் இரண்டாவது வரியில் அந்தக் குரல் அப்படியே தரையை விட்டு எழும்பி மிதக்கிற மாதிரி இருக்கும், குரலின் மாயம் என்றே வருடக்கணக்காக நினைத்திருந்தேன். ஒரு நாள் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்ஃபோனில் பேஸை, அதாவது அடியில் ஓடும் கனத்த சுரங்களை மட்டும் பின்தொடர்ந்து ஒவ்வொரு சுரமாக எழுதிக்கொண்டு வந்தேன். அந்த வரியின் முதல் தட்டில் பேஸ் இல்லை. பாட்டு முழுக்க ஒவ்வொரு வரிக்கும் முதல் தட்டில் அழுத்தமாக விழும் பேஸ், அங்கே மட்டும் ஒரு தட்டு சும்மா இருந்துவிட்டு அடுத்ததில் நுழைகிறது. தாங்கிக்கொண்டிருந்த கையை ஒரு நொடி எடுத்துவிட்டதால்தான் குரல் மிதக்கிறது! பாடியவர் அந்த இடத்தில் விசேஷமாக எதுவுமே செய்யவில்லை. அன்றிலிருந்து எந்தப் பாட்டை மிக்ஸ் செய்தாலும் எதைச் சேர்க்கலாம் என்பதற்கு முன்னால் எதை எடுக்கலாம் என்று பார்க்கிறேன், அது யாருடைய பாணி என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

நீங்களும் உங்கள் ஆதர்சத்தின் ஒரே ஒரு பாட்டை எடுங்கள். இரண்டு வாரம் அதோடு மட்டும் உட்காருங்கள். மெட்டு, பேஸ், தாளம், இன்டர்லூட் எனும் இடையிசை, பாடகர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த இடத்தில் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி நுழைகிறார் என்று ஒவ்வொன்றாகக் காதால் எடுத்து எழுதுங்கள். இணையத்தில் யாரோ எழுதி வைத்ததைப் பார்க்காதீர்கள், நம் காதுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி அதில் போய்விடும். அப்புறம் அவர் யாரைக் கேட்டு வளர்ந்தார் என்று பின்னோக்கிப் போங்கள். இளையராஜாவைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் பாக்கைத் தேடிப் போயிருக்கிறார்கள்? அவர் 1986-இல் வெளியிட்ட ஒரு இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே சமர்ப்பித்திருக்கிறார், வழி அங்கேயே திறந்து கிடக்கிறது. ஒருவரிடம் மட்டும் கற்றால் சாயல் ஒட்டிக்கொள்ளும். அவருடைய குருமார்கள், அவர்களுடைய குருமார்கள் என்று நாலைந்து பேரிடம் கற்றால் சாயல் தானாகக் கலைந்து, உங்கள் விருப்பு வெறுப்பு மட்டும் மிஞ்சும்.

இப்போது பிழைப்புக்கு வருகிறேன். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ். 1965 வாக்கில் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு படத்துக்காக ரவிசங்கரின் இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்கள் வாசிக்கும்படி எழுதிக்கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. தாளத்தைக் கட்டங்களாகப் பிரித்து எழுத முடியாமல் திணறி, கடைசியில் அந்தத் தாளக் கட்டுமானமே அவருடைய சொந்த இசைக்கு அடிப்படை ஆனது. நான் மேலே சொன்ன 'கையால் எழுதிப்பார்ப்பது' என்ன செய்யும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அதே மனிதர் நியூயார்க்கில் பிளம்பர் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். 1976-இல் அவருடைய ஓபரா நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் மேடையேறி, அரங்கம் நிரம்பி வழிந்தது. அதற்கு அப்புறமும் டாக்சிதான் ஓட்டினார். இசையை மட்டும் நம்பி வாழ ஆரம்பித்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் தன் இசையின் நோட்டேஷனை அவர் வெளியே விடவில்லை. அந்த இசை வேண்டுமென்றால் அவருடைய குழுவைத்தான் அழைக்க வேண்டும், அதனால் கச்சேரி வாய்ப்பும் குழுவுக்கே வந்தது. உரிமை கையில் இருந்தது, சோற்றுக்கு வேறு வேலை இருந்தது, அதனால் யாருக்காகவும் இசையை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. நீங்கள் பார்க்கும் வேலையை உங்கள் இசைக்கு எதிரியாக நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது ஆறுதலுக்காக இல்லை. இப்போதைக்கு உங்கள் பாட்டுக்குப் பணம் போடும் புரவலர் அந்த வேலைதான்.

ஸ்ட்ரீமிங்கில் ஏன் காணவில்லை என்று கேட்டீர்கள். ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் அங்கே கிடையாது. பெரும்பாலான தளங்களில் சந்தா, விளம்பரம் எல்லாம் ஒரே பானையில் விழுகிறது, தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை சதவீதமோ அந்தக் கணக்கில் பிரிக்கிறது. ஆகவே உங்கள் ரசிகர் மாதம் முழுக்க உங்களை மட்டுமே கேட்டாலும் அவர் சந்தா உங்களுக்கு முழுதாக வராது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் இன்னொரு விதியும் சேர்ந்துவிட்டது, ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி. 14 பாட்டும் தனித்தனியாக 700, 800 என்று ஓடியிருந்தால் கூட்டினால் பெரிய எண், கைக்கு வருவது ஒன்றுமில்லை. எனவே ஸ்ட்ரீமிங்கை உங்கள் முகவரி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், சம்பளமாக எதிர்பார்க்காதீர்கள்.

சம்பளம் எங்கிருந்து வரும்? எனக்குத் தெரிந்து நிலைத்து நிற்கும் தனிக்கலைஞர்கள் யாரும் ஒரே வழியில் சம்பாதிப்பதில்லை. மேடையில் பாடுவது, சொல்லிக்கொடுப்பது, அடுத்தவர் படத்துக்கோ விளையாட்டுக்கோ விளம்பரத்துக்கோ இசையமைப்பது, பிறர் பாட்டுக்கு வாசிப்பதும் மிக்ஸ் செய்வதும், அப்புறம் ரசிகருக்கு நேரடியாக விற்பது. பேண்ட்கேம்ப் மாதிரி நேரடி விற்பனைத் தளத்தில் ஒருவர் ஒரு ஆல்பம் வாங்கினால் தளத்தின் பங்கு போக பெரும்பகுதி உங்களுக்கே வருகிறது, அதே தொகை ஸ்ட்ரீமிங்கில் சேர அந்த ஒருவர் உங்களை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் உங்களைத் தேடி வரும் ஐம்பது பேரின் மின்னஞ்சல் முகவரி உங்கள் கையில் இருப்பது எந்தத் தளத்திலும் ஐயாயிரம் பின்தொடர்பவர்கள் இருப்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. தளம் நாளைக்கு விதியை மாற்றலாம், அந்த ஐம்பது பேர் உங்களிடமே இருப்பார்கள்.

உரிமை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், நான் பார்க்கும் இழப்புகளில் பாதி இங்கேதான். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. டெய்லர் ஸ்விஃப்ட் 2021-இலிருந்து தன் பழைய ஆல்பங்களை மறுபடி பாடி வெளியிட முடிந்தது இதனால்தான், மாஸ்டர் வேறொருவர் கையில் இருந்தாலும் பாட்டெழுதிய உரிமை அவரிடம் இருந்தது. மெட்டுக்கும் வரிக்கும் பொது இடங்களில் வாசிக்கப்படும்போது சேரும் தொகையை வசூலித்துத் தர ராயல்டி சங்கங்கள் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டின் கதை 1847-இல் பாரிஸில் ஒரு கஃபேயில் ஆரம்பிக்கிறது. எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர், என் பாட்டை இங்கே காசில்லாமல் வாசிக்கிறீர்கள், நான் மட்டும் ஏன் குடித்ததற்குக் காசு தர வேண்டும் என்று மறுத்துவிட்டார், வழக்கு நீதிமன்றம் போய் ஜெயித்தார், 1851-இல் சாசெம் சங்கம் பிறந்தது. உங்கள் ஊர்ச் சங்கத்தில் நீங்கள் சேர்ந்துவிட்டீர்களா? டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித்தரும் நிறுவனம் மூலம் வெளியிட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பொதுவாக அவர்கள் வசூலிப்பது மாஸ்டருக்கு உரியதைத்தான்.

என்னிடம் வந்த ஒரு குழு, மூன்று நண்பர்கள். ஒரு பாட்டை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனம் கேட்டது, நல்ல தொகை, மூன்றே நாள் கெடு. கேட்டது ஒரே விஷயம்: இந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பாட்டு பதிவான அன்றைக்கு எவரும் எழுதி வைக்கவில்லை. கீபோர்டு வாசித்தவர் குழுவை விட்டுப் போய் இரண்டு வருடம், கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது. இன்டர்லூட் என்னுடையது, பாதி எனக்கு என்றார் அவர், வாசித்ததற்குத்தான் அன்றைக்கே காசு கொடுத்தோமே என்றார்கள் இவர்கள். நான்காவது நாள் அந்த நிறுவனம் வேறு பாட்டுக்குப் போய்விட்டது. ஒரு தாளில் நாலு வரி, பதிவு முடிந்த அன்றைக்கே எழுதியிருந்தால் போதும். இன்றும் அந்த மூன்று பேரையும் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, பணத்தைவிட நட்பு போனதற்காக.

ஆதர்சத்தின் பாட்டைப் பாடி வெளியிடும் ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் உரிமம் வாங்கிவிட்டு. மெட்டு அவருடையது, உங்கள் பதிவு உங்களுடையது, இரண்டும் தெளிவாக இருக்கட்டும். விதிமுறை நாட்டுக்கு நாடு மாறும். யார் எழுதியது, யார் இசையமைத்தது என்று விவரத்தில் முழுப்பெயரோடு போடுங்கள். ரசிகர் செய்யும் மரியாதை அதில்தான் தொடங்குகிறது.

வேலையை எப்போது விடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் இசையிலிருந்து வந்ததை மாதவாரியாக எழுதுங்கள், ஸ்ட்ரீமிங்கைச் சேர்க்காமல். அதில் மிக மோசமான மூன்று மாதத்தின் சராசரியை எடுத்து உங்கள் செலவில் பாதியையாவது தாங்குகிறதா, ஆறு மாதச் செலவு தனியாகச் சேமிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் முதலில் வேலை நேரத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், அப்புறம் விடுங்கள். சிறந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டு வேலையை விட்டவர்கள் ஏழெட்டு மாதத்தில் பிடிக்காத பாட்டையெல்லாம் வாசிக்க வேண்டி வந்து, இசை மேலேயே வெறுப்பாகிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. 14 பாட்டுக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, யார் எழுதியது, யார் வாசித்தது, யாருக்கு எத்தனை சதவீதம், பதிவின் ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) என்ன என்று எழுதி, உடன் வாசித்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் இப்போது நண்பர்களாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எந்தப் பாட்டிலாவது வேறு யாரோ செய்த டிரம் லூப்போ, வேறு பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டோ இருந்தால் அதன் உரிமத்தையும் தேடி எடுத்து அந்தப் பக்கத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள், விளம்பரக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.