தண்டவாளக் கிளிப்பையும் மின்கம்பியையும் திருடியவனை விட்டுவிட்டு, வாங்கிய கடைக்காரரைப் பிடிப்பது என்ன நியாயம்?

கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் சொந்தத்தில் யாரோ பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார்கள், சமீபத்தில் சோதனைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். சட்டம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நடுவில் இருக்கும் பத்திகளுக்குத் தாவிவிடலாம். மீதியெல்லாம் எங்கள் வீட்டுக் கதை.

1994. நான் ஒன்பதாம் வகுப்பு. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருத்தர் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு மூட்டையோடு அப்பாவின் கடைக்கு வந்தார். கயிற்றை அவிழ்த்துத் தராசுத் தட்டில் கொட்டினார். நான்தான் குனிந்து ஒன்றை எடுத்தேன். கட்டைவிரல் தடிமனுக்கு உருட்டுக் கம்பி, பிள்ளையார் சுழியை முறுக்கிவிட்டது மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு கிலோ பக்கம் இருக்கும். மேலெல்லாம் துரு, ஆனால் ஒரே ஒரு இடத்தில், எதன் மேலோ அழுந்திக் கிடந்த இடத்தில் மட்டும், தேய்ந்து பளபளவென்று இருந்தது. பேண்ட்ரால் கிளிப் என்பார்கள். தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருப்பது அதுதான். ஒரு கட்டைக்கு நான்கு. அன்றைக்கு எனக்கு அது என்னவென்று தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், அவர் பாதி ரேட் சொன்னார். வந்தவர் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். "பேரம் பேசாம காசை வாங்கிட்டுப் போறவன் சரக்கு, அவன் சரக்கு இல்லடா" என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய மோட்டார்களின் வார்ப்பிரும்புக் கூடுகளுக்குப் பின்னால் வைத்தார். வழக்கமாக அதை நான்தான் செய்வேன்.

நாலாம் நாள் ரயில்வே பாதுகாப்புப் படையினர் வந்தார்கள். அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று எழுதினால் இங்கே நிறைய லைக் விழும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பில் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. யார் கொடுத்தது என்றார்கள், தெரியாது. அப்பா வாக்குமூலம் கொடுத்தார். போலீசிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது, அங்கே போய் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைவீதியில் யாரோ சொன்னதை நம்பியிருந்தார்.

இங்கேதான் நீங்கள் கேட்ட விஷயம் வருகிறது. நான் வக்கீல் இல்லை, வழக்கு நடந்த வீட்டில் வளர்ந்தவன், அவ்வளவுதான். ரயில்வே சொத்துக்கு 1966-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. திருடியதை நிரூபிக்க வேண்டும் என்று அது காத்திருப்பதில்லை. திருட்டுப் பொருளோ என்று நியாயமாகச் சந்தேகப்படும்படியான ரயில்வே பொருள் உங்களிடம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டினால் போதும். முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஐந்து வருடம் வரை சிறை. தனிக் காரணம் எதையும் நீதிபதி எழுதாவிட்டால் முதல் குற்றத்துக்கே ஒரு வருடத்துக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் குறையக் கூடாது. மறுபடி மாட்டினால் இரண்டு வருடம், இரண்டாயிரம். தெரிந்தே இடம் கொடுத்தவர், வண்டி ஓட்டியவர்கூடத் தப்ப முடியாது. அப்புறம் அந்த வாக்குமூலம். இந்தச் சட்டப்படி விசாரிக்கும் பாதுகாப்புப் படை அதிகாரி "போலீஸ் அதிகாரி" ஆகமாட்டார், அதனால் அவரிடம் ஒப்புக்கொண்டது சாட்சியாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே பாலகிஷன் தேவிதயாள் வழக்கில் சொல்லியாயிற்று. எங்கள் வக்கீல் இதைச் சொன்னபோது அப்பா, "அப்போ காக்கி போட்டிருந்தாங்களே" என்றார்.

மின்கம்பி என்றால் 2003 மின்சாரச் சட்டம், பிரிவு 136. கம்பத்திலிருந்தோ டவரிலிருந்தோ கம்பியையோ சாமானையோ வெட்டி எடுத்தால் மூன்று வருடம் வரை. இரண்டாம் முறை ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை. வாங்குபவருக்கு அடுத்த பிரிவே, 137, காத்திருக்கிறது. தந்திக் கம்பிக்கென்று 1950-இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மைல் நீளக் கம்பி எத்தனை பவுண்டு எடை என்பதை வைத்து, இந்தக் கனத்தில் செம்புக் கம்பி வைத்திருந்தால் அது தந்திக் கம்பிதான் என்று வரையறுத்த சட்டம். தராசு பிடிக்கிறவனாக எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம். 2023-இல் தேவையற்ற சட்டங்களோடு சேர்த்து நீக்கிவிட்டார்கள்.

சாக்கடை மூடி மாதிரி விஷயத்தில்தான் கூத்து. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு பிரிவு 303. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு முடிந்துவிடும். அதே மூடியை உள்ளாட்சியின் சொத்து என்று பிரிவு 305-இல் கொண்டுவந்தால் ஏழு வருடம் வரை. எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய். அந்தக் குழியில் இருட்டில் விழுகிறவர் கணக்கு எந்தத் தராசிலும் வராது.

சரி, நியாயமா என்றுதானே கேட்டீர்கள். நியாயம்தான். வழக்கு ஆறு வருடம் இழுத்தது. அப்பாவுக்கு ஒரு வருடமும் ஆயிரம் ரூபாயும், அதாவது குறைந்தபட்சம். மூட்டையைக் கொண்டுவந்தவர் கடைசி வரை கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிளிப்பை அவர் வீட்டில் வைத்து என்ன செய்வார்? சாப்பிடவா முடியும்? வாங்க ஒரு கடை இருக்கிறது என்று தெரிந்துதான் கழற்றினார். அந்தக் கடை எங்களுடையது. "திருட்டுச் சரக்கு வாங்கினவன் பிள்ளை சட்டம் பேசுகிறான்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். 1994-லிருந்து கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரும்புக் கடைக்காரன் என்றாலே தராசில் கை வைப்பான் என்பீர்கள். பேப்பர் கட்டின் நடுவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்கள் யார்? மிக்சி மூடிக்குள் ஈர மண்ணை அடைத்துக் கொடுத்த ஓய்வுபெற்ற பெரிய மனிதரை எனக்குத் தெரியும். அவர் வீட்டு விசேஷத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வராது.

இப்போது கடையை நான் நடத்துகிறேன். செம்பு கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் ஆதாரைப் படம் எடுப்பேன், நோட்டில் கையெழுத்து வாங்குவேன், பணத்தைக் கணக்கில்தான் போடுவேன். நானாக வைத்துக்கொண்ட வழக்கம். இங்கிலாந்து, வேல்ஸில் இதையே சட்டமாக்கிவிட்டார்கள். 2013 பழைய உலோக வியாபாரிகள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், விற்பவரின் பெயர், முகவரியைச் சரிபார்க்க வேண்டும், ரொக்கம் கொடுத்து வாங்கவே கூடாது. என்னைக் கேட்டால் இங்கே தண்டனை வருடத்தைக் கூட்டுவதைவிட அந்த ரொக்கத் தடை ஒன்றே போதும். எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் வர வேண்டும். நான் ஒருவன் மட்டும் யோக்கியனாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் போன வாரமே உதாரணம்.

ஒரு பையன், இருபது வயது இருக்கும், மொபெட்டில் காப்பர் கொண்டுவந்தான். எரித்த காப்பர், மேலே இருந்த பிளாஸ்டிக்கைக் கொளுத்திவிட்டால் செம்பு கறுத்து, தொட்டால் கையில் கரி ஒட்டும். வயரிங் வேலை செய்கிறவர்கள் உரித்துத்தான் கொண்டுவருவார்கள், ரேட் கூடக் கிடைக்கும். எரித்துக்கொண்டு வருகிறவனுக்கு அவசரம். ஆதார் கேட்டேன்.

"அண்ணே, அடுத்த கடையில இதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"அங்கேயே போடுப்பா."

சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பத்து நிமிடம் கழித்து டீ குடிக்கப் போனபோது பார்த்தேன், நாலு கடை தள்ளி அந்த மொபெட் நின்றுகொண்டிருந்தது. சாக்கு தராசில் இருந்தது.