சோளக்குருவி வந்த தேதி

வாசகர் கேள்விகள், நாவலாசிரியரின் பதில்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எழுத உட்காருவீர்களா, இல்லை வாசிப்பீர்களா?
வாசகி, கோவில்பட்டி

இரண்டும் இல்லை. மொட்டைமாடிக்குப் போவேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மேகம் இல்லாத நாளில் பொதிகை மலை நீலமாகத் தெரியும், மேகம் இருந்தால் அந்தத் திசையில் மழை உண்டா இல்லையா என்று தெரியும். அரைமணி நேரம் சும்மா நிற்பேன். அப்புறம் கீழே வந்து டீ குடித்துக்கொண்டே ஒரு குயர் நோட்டில் எழுதுவேன். நோட்டின் இடது பக்கம் அன்றைக்குப் பார்த்தது, வலது பக்கம் முந்தின நாள் படித்ததும் நாளிதழில் கண்ணில் பட்டதும். நாவல் வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பழக்கம் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. பெரிய விஷயம் எதுவும் அதில் இருக்காது. 'சோளக்குருவி வந்தாச்சு, முப்பது இருக்கும், தெற்கு நோக்கி' என்று ஒரு வரி இருக்கும். சூறைக்குருவி என்றும் அதைச் சொல்வார்கள். கறுப்புத் தலை, இளஞ்சிவப்பு உடம்பு, மைனாவுக்கு உறவுக்காரப் பறவை. கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிவதற்குள்ளேயே நம் நாட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் நயினார்குளத்துக் கரையில் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாகச் சரியும், வானத்தில் யாரோ கருப்புத் துணியை உதறுகிற மாதிரி இருக்கும். நான் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை, இன்னமும் வீட்டுக்குத் திரும்ப மனசு வருவதில்லை.

டிவி விவாதங்கள் பார்ப்பதுண்டா?
வாசகர், திருப்பூர்

இல்லை. நாளிதழ் இரண்டு வாங்குகிறேன். மாவட்டப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன், முதல் பக்கத்துக்குக் கடைசியில் வருவேன். 'குளத்துக்கு வரும் கால்வாயைத் தூர்வாரக் கோரி ஆட்சியரிடம் மனு' என்று நான்கு வரிச் செய்தி வரும். அதை வெட்டி ஒட்டுவேன். ஒருமுறை பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரே ஊர், ஒரே குளம், ஆறு வருடத்தில் மூன்று மனு என்று கண்டுபிடித்தேன். மூன்றாவது மனுவைக் கொடுத்தவர் முதல் மனு கொடுத்தவரின் மகன். நான் எழுதிய ஒரு நாவலின் நடு அத்தியாயம் முழுக்க அதிலிருந்து வந்தது.

என் ஆறு வயது மகளுக்குப் பறவைகளின் பெயர் ஆங்கிலத்தில்தான் தெரிகிறது. தமிழில் சொல்லிக்கொடுக்க எனக்கே தெரியவில்லை. எப்படித் தொடங்கலாம்?
வாசகி, சென்னை

இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

நம் பெயர்களில் பாதிக்குமேல் அந்தப் பறவை என்ன செய்கிறது, எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. நத்தைகுத்தி நாரை என்றால் அது வயலில் நத்தையைக் குத்தித் தின்னும் நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், குழந்தைக்கு அதைக் காட்டுங்கள். அரிவாள்மூக்கன் அலகைப் பார்த்தாலே பெயர் வந்துவிடும். முக்குளிப்பான் முங்கும், எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டலாம். வாலாட்டிக்குருவி வாலை ஆட்டாமல் ஒரு நிமிடம் இருக்காது. ஆட்காட்டி, ஆள் வருவதைக் கண்டதும் ஊருக்கே கத்திச் சொல்லும். தவிட்டுக்குருவிக்குத் தவிட்டு நிறம். இரட்டைவால் குருவிக்கு விளக்கமே வேண்டாம், அதையே கரிச்சான் என்றும் சொல்வார்கள். இப்படிப் பத்துப் பெயர் தெரிந்தால் போதும், பதினொன்றாவதை உங்கள் மகளே வைத்துவிடுவாள். அவள் வைக்கிற பெயரையும் எழுதி வையுங்கள்.

தூக்கணாங்குருவிக்கூடு ஒன்று எங்கேயாவது காய்ந்து கீழே விழுந்து கிடந்தால் மட்டும் எடுத்து வந்து காட்டுங்கள் (மரத்தில் தொங்குவதைத் தொட வேண்டாம்). போன வருடம் சீவலப்பேரி பக்கம் ஒரு கிணற்று மேட்டில் எனக்கு ஒன்று கிடைத்தது. பனையோலை நாரும் நெல்லுத் தாளும் கலந்து பின்னியது, ஊதினால் பறக்கிற கனம். உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் சுவரில் காய்ந்த களிமண் உருண்டைகள் ஒட்டியிருந்தன. வெளிச்சத்துக்காக மின்மினியை அதில் பதித்து வைக்கும் என்று சின்ன வயசில் எங்களுக்குக் கதை சொன்னார்கள், அது உண்மை இல்லை. ஆண் குருவி பாதிக் கூடு கட்டி, களிமண் அப்பிவிட்டு, பெண் குருவி வந்து பார்க்கக் காத்திருக்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். பிடிக்காமல் போன பாதிக் கூடுகள் தொப்பி மாதிரி அதே மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். குறுந்தொகையில் இந்தக் குருவி 'தூங்கணங் குரீஇ', உயரமான பனையில் கூடு கட்டுகிறது. ஈராயிரம் வருடத்துக்குப் பக்கமாகிறது, நாம் அதே குருவியை அதே மரத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் பார்க்கிறோம். உங்கள் மகளுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

இயற்கையைப் பற்றி எழுத விரும்புகிறேன். யாரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா அ. மாதவையா, தமிழின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் ஒருவர், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துப் பெருங்குளத்துக்காரர். ஒரு நாவலாசிரியரின் வீட்டில் பிறந்த பையன் இந்தியாவின் மிக நல்ல இயற்கை எழுத்தாளர்களில் ஒருவனாக ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றுவதில்லை. மனிதர்களைக் கூர்ந்து பார்ப்பதும் காட்டெருமையைக் கூர்ந்து பார்ப்பதும் ஒரே கண்தான்.

கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 46 வருடம் நிறுத்தவில்லை. 1996 பிப்ரவரி 18, அவர் இறந்த அன்று கூட அவருடைய பத்தி வெளிவந்தது. புலி, யானை மட்டுமில்லை, தெருவில் திரிகிற கழுதை, வீட்டுப் பல்லி, மாடத்துப் புறா எல்லாம் அவருக்கு விஷயம். தமிழிலும் எழுதியிருக்கிறார், அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சூழலியல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்திருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் போய் ஒரு வாரம் உட்காருங்கள், எழுத வேண்டாம்.

நாவல் எழுத இவ்வளவு குருவி ஞானம் தேவையா? கதைக்கு மனிதர்கள் போதாதா?
வாசகர், கும்பகோணம்

என் முதல் நாவலில் ஒரு விடியற்காலையில் பெண் குயில் கூவும். அந்தக் காட்சியை எழுதியபோது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து இன்லண்ட் லெட்டரில் ஒரு கடிதம் வந்தது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். கூவுவது ஆண் குயில், அதுதான் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, அதன் குரல் 'கிக் கிக்' என்று வேறு மாதிரி இருக்கும். 'உங்கள் கதாநாயகி பத்து வருடமாக அந்த மரத்தடியில் படுத்துத் தூங்குகிறவள், அவளுக்கு இது தெரிந்திருக்கும்' என்று முடித்திருந்தார்.

அந்த ஒரு வரிதான் உங்களுக்கும் என் பதில். மனிதர்கள் போதும், ஆனால் அந்த மனிதர்களுக்கு மரமும் குயிலும் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் நான் அவர்களைப் பற்றி எழுத முடியாது.

அரிட்டாபட்டி டங்ஸ்டன் போராட்டம் ஜெயித்ததைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே?
வாசகர், மேலூர்

எழுதாதது என் தவறுதான், இப்போது எழுதுகிறேன்.

2024 நவம்பரில் உங்கள் மேலூர் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமச் சுரங்கத் தொகுதி ஏலம் போனது என்ற செய்தி வந்த அன்று என் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அந்தத் தொகுதிக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022இல் அறிவிக்கப்பட்டது, மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும் அந்தப் பாறைகளில் இருக்கின்றன. நான் போயிருந்தபோது கூட வந்த உள்ளூர்த் தம்பி ஒரு பாறை விளிம்பைக் கைகாட்டி, 'அண்ணே, அந்த வெள்ளைக் கறை தெரியுதா, அதுக்கு மேலதான் உக்காரும்' என்றார். எச்சம் வழிந்த அந்த வெள்ளைக் கோட்டைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பாறையே அசைவது மாதிரி ஒரு பறவை எழும்பிப் போனது.

அதே மலையில் சமணர் படுகை, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு, பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயில். அந்தக் கல்வெட்டில் குகையைச் செய்வித்தவன் நெல்வேலிக்காரன் என்று படிக்கிறார்கள், எங்கள் ஊர்க்காரனாக இருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். புத்தகம், செய்தி, இயற்கை என்று நீங்கள் என்னிடம் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், அரிட்டாபட்டியில் அது ஒரே பாறையில் இருக்கிறது.

2025 ஜனவரியில் உங்கள் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தார்கள். வயசான அம்மாக்கள் வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு நடந்த படத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நான் நாற்பது வருடமாக நாளிதழ் படிக்கிறேன், ஒரு மலையைத் தோண்டப் போவதாக வந்த செய்தி மூன்றே மாதத்துக்குள் தோண்டவில்லை என்று முடிந்ததை வேறெங்கும் பார்த்த ஞாபகம் இல்லை. உங்களுக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கும் என் கும்பிடு.

சிட்டுக்குருவி அழிந்ததற்கு செல்போன் கோபுரம்தான் காரணமா?
வாசகர், சேலம்

அதற்கு உறுதியான சான்று இல்லை. முதலில், அழியவும் இல்லை. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்களின் பதிவுகளை வைத்து 2020இல் வெளிவந்த அறிக்கை, மொத்தத்தில் அதன் எண்ணிக்கை நிலையாக இருக்கிறது, பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. ஓட்டு வீட்டில் அதற்கு இடம் இருந்தது, கான்கிரீட் வீட்டில் பொந்து இல்லை. குஞ்சுக்குத் தானியம் ஆகாது, புழு பூச்சி வேண்டும், அதற்குப் புதரும் செடியும் வேண்டும். மளிகைக் கடையில் சாக்கிலிருந்து சிந்திய அரிசி இப்போது பாக்கெட்டுக்குள் இருக்கிறது. கோபுரத்தைத் திட்டுவது சுலபம், வாசலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைப்பது அதைவிடச் சுலபம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அப்பாவின் புத்தகங்கள் நனைந்துவிட்டன. வெயிலில் காய வைத்ததில் பாதி வீணானது. வேறு வழி இருந்ததா?
வாசகி, ஏரல்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. என் சித்தப்பா வீட்டிலும் ஆற்றுத் தண்ணீர் ஜன்னல் வரை வந்தது. மூன்றாம் நாள்தான் உள்ளே போக முடிந்தது, அலமாரியைத் திறந்தால் புத்தகங்கள் ஊறி வீங்கி, ஒன்றை உருவினால் எல்லாம் சேர்ந்து வந்தன. நாங்களும் மாடியில் வெயிலில்தான் பரப்பினோம்.

பிறகு சுவடி, நூல் பாதுகாப்பில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். நேரடி வெயில் கூடாது, தாள் முறுக்கிக்கொள்ளும், அட்டை வளைந்துவிடும். நிழலில் மின்விசிறிக் காற்றில் புத்தகத்தை நிறுத்தி வைத்து விசிறி மாதிரி லேசாக விரிக்க வேண்டும், இடையிடையே அச்சடிக்காத உறிஞ்சுதாளை வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிய பக்கத்தைப் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது. வழவழப்பான தாள் மட்டும் விதிவிலக்கு, அதை ஈரம் இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும், காய்ந்தால் பலகையாகிவிடும். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காய வைக்கலாம். கரண்டே இல்லாத அந்த வாரத்தில் இதெல்லாம் நமக்கு எப்படி முடிந்திருக்கும். நீங்கள் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை. மிஞ்சிய பாதியை அலமாரியின் கீழ்த்தட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

எங்க வீட்டு மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குள்ள குருவி கூடு கட்டி முட்டை வெச்சிருக்கு. அப்பா எடுத்துடணும்னு சொல்றாங்க. என்ன பண்ணலாம்?
ஆறாம் வகுப்பு மாணவி, சிவகங்கை

கண்ணு, முதலில் பெட்டிக்குள் கையை விடாதே, மின்சாரம் இருக்கிறது. அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லு. உங்கள் மாவட்டத்தில்தான் பொத்தகுடி என்று ஓர் ஊர். 2020இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டியில் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. அங்கே உள்ள இளைஞர்கள் ஊர்க்காரர்களிடம் பேசி, குஞ்சு பறந்து போகிற வரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். ஊர் முழுக்க இருட்டில் நடந்தது.

உங்கள் வீட்டுக்கு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி மோட்டார் இணைப்பை மட்டும் தற்காலிகமாக வேறு பெட்டிக்கு மாற்ற முடியுமா என்று அப்பா கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் குஞ்சு பறந்துவிடும். அதுவரை தூரத்திலிருந்து பாரு. முட்டை எத்தனை, என்ன நிறம், எந்தத் தேதியில் பொரித்தது என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கும் அனுப்பு, என் நோட்டில் உன் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.