நான்காம் பக்கம்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மந்திரவாதி, மாய உலகம் என்று கதை எழுதிக்கொண்டிருக்கிறான். நோட்டைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டேன். ஆதாரத்துக்கு நான்கு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நடக்காததை எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? அவன் உங்கள் இதழை விடாமல் படிப்பவன். நீங்களே நாலு வார்த்தை கண்டித்து எழுதுங்கள்.
— ஒரு தகப்பன், திருமங்கலம்

பதில்: கண்டிக்கத்தான் போகிறேன். யாரை என்பதில்தான் நமக்குள் ஒத்துப்போகாது.

திருமங்கலத்தில் பஸ் ஏறி மதுரைக்கு வந்தால் வழியில் பசுமலை. ஒரு மாயப்பசு விழுந்து மலையான இடம் என்கிறது புராணம். அந்தப் பக்கம் நாகமலை ஒரு பாம்பு, இந்தப் பக்கம் யானைமலை ஒரு யானை. கதையையே வேலியாகப் போட்டு உட்கார்ந்திருக்கிற சீமைக்காரர் நீங்கள், நடக்காததால் என்ன பயன் என்று கேட்கிறீர்கள்!

சரி, பயனையே பேசுவோம். திருவிளையாடற் புராணத்தில் 61-ஆவது படலம், மண் சுமந்த கதை. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும். புட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதர் கூலியாளாக வருகிறார். கடவுளே வந்தும் எல்லாம் சட்டென்று நடந்துவிடவில்லை, கவனியுங்கள். முதலில் கூலி பேசுகிறார்கள். உதிர்ந்த புட்டு அவருக்கு, உதிராதது கிழவி விற்பதற்கு. அன்றைக்கென்று பார்த்து அவித்ததெல்லாம் உதிர்கிறது. கிழவியின் பங்குக் கரைக்கு அளவு உண்டு, மேற்பார்வை பார்க்க ஆள் உண்டு. தலையில் சும்மாடு, கையில் கூடை. இவ்வளவையும் நம்ப வைத்த பிறகுதான் பிரம்படி விழுகிறது. அடித்தது கூலியாளின் முதுகில்; வலித்தது அடித்த பாண்டியனுக்கும், அரண்மனைக்கும், ஊரில் ஒவ்வொருவருக்கும்.

இதையே ஒருவர் மேடையில் பேசினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். நடந்ததை நடந்தபடி எழுதும் கதையிலோ இதைக் காட்டவே முடியாது; அங்கே அரசனுக்கு வலிப்பதில்லை. ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், அந்தக் கதைக்கு இன்றும் எவ்வளவு கூட்டம் என்று.

இனி மகனுக்கு. தம்பி, நான்கு பக்கமும் படித்தேன். முதல் மூன்றில் பனிமலை, கோட்டை, டிராகன். பனிக்காற்று எலும்பைத் துளைத்ததாம். திருமங்கலத்து மார்கழிக்கு ஒரு துண்டு போதுமே, எலும்பு வரைக்கும் எப்படிப் போனது? அது நீ சினிமாவில் பார்த்த குளிர்.

நான்காம் பக்கம் வேறு ஆள் எழுதியது போல இருக்கிறது. மணலுக்கடியில் கிடக்கும் வைகை ராத்திரியில் எழுந்து தெருத்தெருவாக வந்து வாசலில் இருக்கும் குடங்களைச் சுண்டிப் பார்க்கிறது. காலிக்குடம் என்றால் நிரப்புகிறது. நிரப்பிய வீட்டில் ஒருவருக்கு மறுநாளிலிருந்து பேச்சு வராது. தண்ணீருக்கு விலை அது. பிளாஸ்டிக் குடத்தைச் சுண்டினால் ஆற்றுக்குக் கேட்காது என்று ஒரு பாட்டி பரணில் கிடந்த பித்தளைக் குடத்தை இறக்கிப் புளி போட்டு விளக்குகிறாள் பார், அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது.

ஆனால் அதே பக்கத்தின் அடியில் உன் கதாநாயகன் வீட்டுக் குடம் நிரம்புகிறது. மறுநாள் வீட்டில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏன், நாயகன் வீடு என்பதாலா? மாயக்கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி நடந்தால் எதற்கும் நெஞ்சு பதறாது. சொக்கநாதரே பேசிய கூலிக்கு உதிர்ந்த புட்டைத்தான் தின்றார். அவன் வீட்டில் பேச்சை இழக்கப்போவது அப்பாவா, அம்மாவா, அவனேதானா? அதை முடிவு செய்து, திருத்தி, எனக்கு அனுப்பு.

மறுபடியும் உங்களுக்கு, ஐயா. பீரோவைத் திறந்து நோட்டைக் கொடுங்கள். கதைக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தால் கணக்கும் பிழைத்துக்கொள்ளும். பனிமலை வரும் மூன்று பக்கங்களை வேண்டுமானால் நீங்களே பூட்டி வைத்துக்கொள்ளலாம்.