தொண்டுக்குப் போன ஊரில் பத்தே நாளில் மனசு விட்டுப் போனால்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை, வயது 24. ஒரு வருடத் தன்னார்வப் பணிக்காகக் கென்யாவில் கிசுமு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கு வந்து பத்து நாள் ஆகிறது. ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். தினமும் உகாலி, தொண்டையில் இறங்கவில்லை. தூக்கம் வருவதில்லை, கண்ணயர்ந்தால் கெட்ட கனவு. பள்ளியில் யாரும் வேலை தருவதில்லை. தலைமையாசிரியர் "சா ன்னே" வரச் சொன்னார். ன்னே என்றால் நான்கு என்று படித்திருந்தேன், மாலை நாலு மணிக்குப் போனால் அவர் கிளம்பிவிட்டிருந்தார். ராத்திரி அம்மாவோடு வீடியோ காலில் ஒரே அழுகை. திரும்பி வந்துவிடவா?

பதில்: அந்த நாலு மணி விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கென்யாவின் பொதுமொழியான சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்கும். காலை ஏழு மணிதான் "சா மோஜா", அதாவது ஒன்றாம் மணி. எட்டு மணி "சா ம்பிலி". அப்படியே எண்ணினால் "சா ன்னே" என்பது காலை 10 மணி. கடிகாரம் நம் ஊரில் காட்டுவதைத்தான் காட்டும். சுவாஹிலியில் வாயால் சொல்லும்போது மட்டும் அதிலிருந்து ஆறைக் குறைத்துச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் வழக்கமான கணக்குதான். ஆக, அவர் காலையிலேயே உங்களை எதிர்பார்த்திருக்கிறார், நீங்கள் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. நாளைக்கே போய் நடந்ததைச் சொல்லுங்கள். கேட்டுச் சிரிப்பார், பாதிச் சங்கடம் அதிலேயே கரைந்துவிடும்.

தூக்கம் பற்றி ஒரு முக்கியமான கேள்வி: மலேரியாத் தடுப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? வாரத்துக்கு ஒன்று என்றால் அது பெரும்பாலும் மெஃப்ளோகுயின். தூக்கமின்மை, பயங்கரக் கனவு, காரணம் தெரியாத பதற்றம் எல்லாம் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகள். 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே அதன் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நமக்கும் கென்யாவுக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். அதற்கு உடம்பு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். பத்தாம் நாளும் தூக்கமில்லை என்றால் மாத்திரையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அடுத்த மாத்திரைக்கு முன்னால் மருத்துவரிடம் பேசி, மாற்று மருந்து கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டு ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டாம். நீங்கள் இருப்பது விக்டோரியா ஏரிப் பகுதி, மலேரியா மிகுந்த இடம். கொசுவலை தினமும் வேண்டும். காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கூடாது.

ஏரி என்றதும் இன்னொன்று. ஊருணியில் இறங்கிக் குளித்து வளர்ந்த நமக்குத் தண்ணீரைப் பார்த்தால் கால் தானாகப் போகும். விக்டோரியா ஏரியின் கரையோரத் தண்ணீரில் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி உண்டு. தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். பிள்ளைகள் இறங்குகிறார்களே என்று நீங்களும் கால் நனைக்காதீர்கள்.

சரி, சாப்பாடு. உகாலி மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களிதான். கேழ்வரகுக் களி சாப்பிட்டவருக்கு அது இறங்காமல் போகக் காரணம், பெரும்பாலும் சாப்பிடும் விதம்தான். சோறு போலப் பிசையக் கூடாது. ஒரு சின்னத் துண்டு கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணுங்கள். அந்தக் குழியில் கீரையையோ மீன் குழம்பையோ அள்ளி வாயில் போடுங்கள். உகாலிக்குத் தனி ருசி கிடையாது, தொட்டுக்கொள்வதில்தான் எல்லாம். கையால் சாப்பிடத் தெரிந்திருப்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் இதற்கே திண்டாடுவார்கள். அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடியை அறையில் ஒளித்து வைத்துத் தனியாகச் சாப்பிடாதீர்கள். நடுவில் வையுங்கள். ஒரு சனிக்கிழமை அந்த வீட்டு அடுப்பில் நீங்களே ஒரு குழம்பு வைத்துக் கொடுங்கள். கிசுமுவுக்கு 1901-ல் ரயில் வந்ததிலிருந்தே அங்கே நம் நாட்டு வியாபாரிகள் உண்டு. டவுனில் துவரம்பருப்பு, கடுகு, மஞ்சள்தூள் தேடினால் கிடைக்கும்.

செட்டிநாட்டில் கடல் தாண்டிப் போவது புதிதில்லை. பர்மா, மலேயா, சைகோன் என்று மூன்று வருடக் கணக்கில் போய் வந்தார்கள். ஆனால் அவர்கள் போன விதத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில் நம்மூர் ஆட்களோடேயே இருந்தார்கள், நம் சமையலைச் சாப்பிட்டார்கள், தண்டாயுதபாணிக்குக் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். கடைக்கணக்குப் பார்க்க அந்த வாழ்க்கை மிகப் பொருத்தம். உங்கள் வேலைக்கு அது ஒத்துவராது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஊர் மனிதர்களோடு பழகியாக வேண்டும். தினமும் ராத்திரி முழுக்க வீடியோ காலில் இருந்தால் கைபேசிக்குள் ஒரு கிட்டங்கி கட்டிக்கொண்ட மாதிரிதான். அங்கே மாலை 6 மணி என்றால் தேவகோட்டையில் இரவு எட்டரை. அந்த நேரத்தில் அரைமணி பேசிவிட்டு, அப்புறம் அடுப்படியில் போய் உட்காருங்கள். காரணத்தை அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோவார்.

அங்கே வீட்டில் பேசுவது சுவாஹிலியாக இருக்காது, லுவோ மொழியாகத்தான் இருக்கும். காலை வணக்கத்துக்கு "ஓயாவோரே", நன்றிக்கு "எரோகமானோ". இந்த இரண்டும் வாயில் வந்தாலே அந்த வீட்டு அம்மாவின் முகம் மாறும். பள்ளியில் வேலை கேட்டு நிற்பதைவிட, மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைப் பாடம் பண்ணுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு இதுவே போதுமான வேலை என்பது என் கருத்து.

போன புதிதில் எல்லாம் இனிக்கும், பிறகுதான் கசக்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 1954-ல் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர் வகுத்துச் சொன்ன படிநிலை அது. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பற்றி 1998-ல் வந்த ஆய்வோ, போய் இறங்கிய நாட்களில்தான் அவர்களுக்குக் கஷ்டம் அதிகம் இருந்தது, பிறகு குறைந்தது என்று கண்டது. எனக்கு மட்டும் ஆரம்பமே இப்படியா என்று மருக வேண்டாம்.

ஆகவே திரும்பும் முடிவை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். மாத்திரையை மாற்றி, நாலு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு எடுக்கிற முடிவே உங்கள் முடிவு. ஆனால் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, வீட்டில் யாராவது தகாத முறையில் நடக்கிறார்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அதையெல்லாம் அனுசரித்துப் போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உங்களை அனுப்பிய அமைப்பின் பொறுப்பாளரை உடனே கூப்பிட்டு, வேறு வீடோ, மருத்துவரோ, ஊர் திரும்ப டிக்கெட்டோ எது வேண்டுமோ அதைக் கேளுங்கள்.