லாபம் உண்டு, ரொக்கம் எங்கே?

கேள்வி: வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையில் லாபமும் கடனும் சேர்ந்தே உயர்ந்துள்ளன. அதன் பங்கை வாங்கலாமா?
– வாசகர், செம்பூர், மும்பை

பதில்: லாபத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115-இன் கீழ், பல நிறுவனங்கள் வீட்டை ஒப்படைக்கும்போதுதான் வருவாயைக் கணக்கில் ஏற்றுகின்றன என்பதால், இவ்வாண்டு லாபம் சில ஆண்டுகளுக்கு முன் விற்ற வீடுகளுடையதாக இருக்கலாம். அதுவரை வாங்கியோர் செலுத்திய முன்பணம் பொறுப்புகள் பக்கத்தில், அதாவது நிறுவனம் பிறருக்குத் தர வேண்டியவற்றில், நிற்கும். நான் முதலில் புரட்டுவது பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கையைத்தான். செயல்பாடுகளிலிருந்து வரும் ரொக்கம் தொடர்ந்து எதிர்மறையாக இருந்து, சரக்கிருப்பும் (கையிலுள்ள நிலமும் வீடுகளும்) பெருகினால், காரணம் புதிய நிலமா, விலைபோகாத வீடுகளா என்று ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளில் தேடுங்கள். பின்னது என்றால் நான் விலகிவிடுவேன். உண்மையான கடன் சுமையை அறிய, வங்கி இருப்பு முழுவதையும் கடனிலிருந்து கழித்துவிடவும் வேண்டாம்: ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாங்குவோர் தரும் தொகையில் 70 சதவீதம் அந்தந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்குமே உரியது.