சிஓபிடி முற்றும்போது ஸ்டீராய்டு 5 நாள் போதுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கும் அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). மூச்சிரைப்பு கூடியதும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி., 5 நாளுக்கு மட்டும் எழுதினார்கள். போன தடவை 14 நாள். இது போதுமா?

பெரும்பாலோருக்குப் போதும். 2013-இல் வெளியான சுவிட்சர்லாந்தின் ரெடியூஸ் ஆய்வு இதைத்தான் சோதித்தது. தினம் 40 மி.கி. வீதம் ஒரு குழுவுக்கு 5 நாள், மற்றதற்கு 14 நாள். ஆறு மாதத்துக்குள் மறுபடி முற்றியவர்கள் முறையே 35.9, 36.8 சதவீதம். வித்தியாசமே இல்லை, உடம்பில் சேர்ந்த ஸ்டீராய்டு மட்டும் பாதிக்கும் குறைவு. காலையில் சாப்பிட்டபின் போடட்டும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த 5 நாளும் அளவு ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். 5 நாள்தான் என்பதால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. மிச்ச மாத்திரையை அடுத்த இருமலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் வேண்டாம். சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால்தான் பலன்.

பலர் கோட்டைவிடுவது ஆக்சிஜனில். ஆம்புலன்ஸில் ஜிப்மருக்குக் கொண்டுபோனால், "சிஓபிடி நோயாளி" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை போதும். 100-ஐத் தொடட்டும் என்று திறந்துவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, ஆள் மயங்கிப் போகலாம்.